ஓடுபாதையில் இன்னொரு விமானம்: கோபுரத்தில் இருந்தவனின் பதில்கள்

விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஓடுபாதைப் பாதுகாப்பு குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரு விமானத்தை ஓடுபாதையில் நிறுத்திவைத்துவிட்டு, அதை மறந்து இன்னொன்றை இறங்கச் சொல்வது எப்படி ஐயா நடக்கும்? இது அலட்சியம் அல்லவா?

அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1991 பிப்ரவரி 1ஆம் தேதி மாலை லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது இதுதான். ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சிறிய மெட்ரோலைனர் விமானத்தை, புறப்பாட்டுக்குத் தயாராக ‘24 இடது’ எனப்படும் ஓடுபாதையில் நிற்கும்படி, கோபுரத்திலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் பணித்தார். அதே ஓடுபாதையைச் சற்றுத் தொலைவில் கடக்க வேண்டிய மற்றொரு விமானம் தவறுதலாக அலைவரிசையை மாற்றிவிட்டதால் பதில் சொல்லவில்லை; அதைத் தேடி அழைப்பதிலேயே கவனம் போயிற்று. அந்த இடைவெளியில்தான் யுஎஸ்ஏர் போயிங் 737 விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுக்கப்பட்டது. பிறகு, அச்சில் வார்த்ததுபோல் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மெட்ரோலைனர் புறப்படத் தயார் என்று அழைக்க, அதற்குரிய ஸ்ட்ரிப் மேசைக்கு வந்து சேராததால் அதைத் தேடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

ஸ்ட்ரிப் என்பது விமானத்தின் அழைப்புப் பெயர், வகை, செல்லும் இடம் முதலியவை எழுதப்பட்ட ஒரு நீளமான காகிதத் துண்டுதான். கன்ட்ரோலரின் ஞாபகம் பாதி தலையிலும் பாதி அந்தத் துண்டுகளின் வரிசையிலும் இருக்கும் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்தவர்களே அறிவார்கள். இருட்டில் நின்ற மெட்ரோலைனரின் விளக்குகள் ஓடுபாதை விளக்குகளோடு கலந்துபோனதால், இறங்கிய விமானிகளுக்கும் அது கண்ணில் படவில்லை. இரண்டும் மோதி 35 பேர் இறந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் விசாரணை அந்தக் கன்ட்ரோலரைத்தான் குற்றவாளியாக்கியதா?

இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஒருவர் தவறினால் மற்றொன்று தாங்கும்படியான நடைமுறைகளை ஏற்படுத்தாத நிர்வாகத்தின் மேல்தான் முதன்மைக் காரணத்தை வைத்தது. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ராடாரும் அன்று மாலை இயங்கவில்லை. மனிதன் மறப்பான் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளாமல் அமைத்த ஏற்பாட்டைத்தான் நானும் பிழை என்பேன்.

கேள்வி: அது பழைய காலம். இப்போது கணினித் திரையே எச்சரிக்கை கொடுக்குமே?

கொடுக்கும், ஆனால் யாராவது பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், முந்தைய நாள் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட பகுதிக்கு நிவாரணப் பொருள் எடுத்துச் செல்லவிருந்த கடலோரக் காவல்படை விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து சுமார் 40 விநாடிகள் நின்றது. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 அதன்மேல் இறங்கியது. ஏ350இல் இருந்த 379 பேரும் உயிர் பிழைத்தனர். காவல்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் இறந்தனர்.

கோபுரத்தின் திரையில் அந்த ஓடுபாதை நிறம் மாறி எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒலி எழுப்பும் ஏற்பாடு அதில் இல்லை, கன்ட்ரோலர் கவனிக்கவில்லை. விபத்து நடந்த சில நாட்களில், அந்தத் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை ஜப்பான் நியமித்தது.

கேள்வி: ஹனேடாவில் காவல்படை விமானி அனுமதி இல்லாமல் ஏன் உள்ளே போனார்?

அவருக்குச் சொல்லப்பட்டது, “நம்பர் ஒன், சி5 காத்திருப்புப் புள்ளிக்குச் செல்லவும்” என்பதுதான். புறப்படும் வரிசையில் நீங்கள் முதலாவது, ஓடுபாதைக்கு வெளியே உள்ள அந்தப் புள்ளியில் நில்லுங்கள் என்பது அதன் பொருள். அவர்களோ ஓடுபாதைக்குள் போகவே அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். விசாரணை வாரியத்தின் இடைக்கால அறிக்கை, காவல்படையினரின் இந்த எண்ணம், கன்ட்ரோலர் கவனிக்காதது, ஏ350 விமானிகள் காணாதது ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. “நம்பர் ஒன்” என்று சொல்வதை ஜப்பான் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

கேள்வி: ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமையா?

1977 மார்ச் 27ஆம் தேதி ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் 583 பேர் இறந்ததைப் பாருங்கள். மூடுபனியில் கேஎல்எம் விமானத்திலிருந்து, “இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம்” என்ற பொருளில் வந்த செய்திக்கு, கோபுரம் “ஓகே” என்றது. “காத்திருங்கள், அழைக்கிறேன்” என்று அடுத்து அது சொன்னது, ஓடுபாதையிலேயே நகர்ந்துகொண்டிருந்த பான்ஆம் விமானத்தின் குரலோடு மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் கீச்சொலியாக விழுந்தது; இரு விமானங்களும் ஓடுபாதையில் மோதின. இன்று ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்துசெய்யும்போதோ தவிர வேறெங்கும் கோபுரம் உச்சரிப்பதில்லை. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’தான். எங்களுடைய பேச்சு கிளிப்பிள்ளைப் பேச்சாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: கோபுரம் தவறினால் விமானிகள் காப்பாற்ற முடியாதா?

சில நேரம் முடியும். 2023 பிப்ரவரி 4ஆம் தேதி அமெரிக்காவின் ஆஸ்டினில், கடும் மூடுபனியில் ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருக்கையில், அதற்குள் போய்விடும் என்ற நம்பிக்கையில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றுக்குப் புறப்பட அனுமதி கொடுக்கப்பட்டது. ஃபெடெக்ஸ் விமானிகள் ஆபத்தை உணர்ந்து மேலே ஏறிவிட்டார்கள். இரண்டுக்கும் இடைவெளி 200 அடிக்கும் குறைவு. அன்று அங்கே தரை ராடார் இல்லை.

கேள்வி: நம் நாட்டில்?

2024 ஜூன் 8ஆம் தேதி மும்பையில், ஏர் இந்தியா விமானம் புறப்பட்டு ஓடிக்கொண்டிருந்த அதே ஓடுபாதையில் அதன் பின்னாலேயே இண்டிகோ விமானம் இறங்கியது. கன்ட்ரோலர் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். விசாரணை முடியும்வரை அது சரிதான். அதோடு கோப்பை மூடிவிட்டால்தான் தவறு.

கேள்வி: பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நான் இதில் எதையாவது பார்க்க முடியுமா?

ஓடுபாதைக்குள் திரும்பும் முன் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் தெரியும். இரண்டு தொடர்ந்தவை, இரண்டு விட்டுவிட்டு வரைந்தவை. தொடர்கோடுகள் உங்கள் பக்கம் இருந்தால், அனுமதியின்றி அவற்றைத் தாண்டக் கூடாது. பல நிலையங்களில் அங்கே குறுக்கே பதித்த சிவப்பு விளக்குகளும் எரியும். கோபுரம் அனுமதி கொடுத்து அவற்றை அணைத்த பிறகே விமானி சக்கரத்தை உருட்டுவார். அடுத்த முறை உங்கள் விமானம் அந்தக் கோட்டருகே காரணம் தெரியாமல் ஐந்து நிமிடம் நின்றால், கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருங்கள்.