பயனீட்டாளர் கேள்வி-பதில்: சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

கே: காலை 9 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினால் 10.30-க்குச் சென்னையில் இறங்கலாம், இது ‘வேக விமானம்’ என்று சொல்லி முகவர் 150 ரிங்கிட் கூடுதலாக வாங்கினார். பயணமோ நான்கு மணி நேரம் பிடித்தது. ஏமாந்துவிட்டேனா? – தோட்டத்து ஓய்வூதியர், சுங்கை சிப்புட்

ப: ஆம், ஐயா, ஆனால் தவறு உங்களுடையது அன்று. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் மலேசியக் கடிகாரப்படியும் இறங்கும் நேரம் இந்தியக் கடிகாரப்படியும் அச்சாகிறது. இரண்டுக்கும் இடையே இரண்டரை மணி நேர வேறுபாடு உண்டு. (1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்துவதற்கு முன்பு அது இரண்டு மணி நேரமாக இருந்தது.) வான்வழியில் சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர், மணிக்கு 800 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பறக்கும் விமானம், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதையும் ஏறி இறங்குவதையும் சேர்த்து, ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். திரும்பும்போது இதே கணக்கு தலைகீழாகி, இரவு 11 மணிக்குப் புறப்பட்டு விடியற்காலை 5.30-க்கு இறங்குவதாகக் காட்டும். அப்போது எந்த முகவரும் ‘மெது விமானம்’ என்று 150 ரிங்கிட்டைத் திருப்பித் தருவதில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

கே: சென்னையா, திருச்சியா, எது பக்கம்? – கோல கங்சார்

ப: வானத்தில் சென்னை சில பத்துக் கிலோமீட்டர் பக்கம், நீங்கள் போக வேண்டிய ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் திருச்சிதான் பக்கம்.

கே: 15-ஆம் தேதி நள்ளிரவு 12.10 விமானம். 15-ஆம் தேதி இரவு போனேன், விமானம் முந்தைய இரவே போய்விட்டது என்றார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? – ஈப்போ

ப: கிடைக்காது. பயணம் செய்யாதவர் விமான நிலையச் சேவைக் கட்டணத்தைத் திரும்பக் கோரலாம். அதை மட்டும் கேளுங்கள். நள்ளிரவு தாண்டினால் தேதி மாறும் என்பதை எத்தனை முறைதான் எழுதுவது?

கே: மாலை 6 மணி விமானத்திற்கு வீட்டைவிட்டு எப்போது கிளம்ப வேண்டும்? – சுங்கை சிப்புட்

ப: காலை 10 மணிக்கு. நம் ஊரிலிருந்து சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நெடுஞ்சாலை நெரிசலையும் வழியில் ஒரு தேநீரையும் சேர்த்தால், சாலைப் பயணமே சென்னைப் பயணத்துக்கு ஈடாகிவிடும். அவகாசம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே சாட்சி: 90 ரிங்கிட் மிச்சமாகும் என்று நான் ஒருமுறை பினாங்கிலிருந்து சிப்பாங்குக்கு ஒரு சீட்டும் அங்கிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும் தனித்தனியாக வாங்கினேன். இறங்கியது முனையம் 1, ஏற வேண்டியது முனையம் 2. இடைவெளி ஒரு மணி ஐம்பது நிமிடம். என் பெட்டி கடைசியாக வந்தது. நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது முகப்பில் ஒரு பெண் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். புதுச் சீட்டுக்கு 780 ரிங்கிட் அழுதேன்; தனிச் சீட்டு என்பதால் எந்த நிறுவனத்தையும் கேட்க வழியில்லை.

கே: விமானம் ஆறு மணி நேரம் தாமதம். ஒரு பன்னும் தண்ணீரும் மட்டுமே தந்தார்கள். காத்திருந்து பறந்தேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – தெலுக் இந்தான்

ப: மலேசிய விதிப்படி இரண்டு மணி நேரம் தாமதமானாலே உணவு தர வேண்டும், ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால், 2024 செப்டம்பர் முதல், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். நீங்கள் பறந்துவிட்டதால் பணம் கிடையாது. பன்னுக்காக மட்டும் புகார் எழுதுங்கள், அம்மா, முதலில் நிறுவனத்திற்கு.