பழைய ஃபைபர் படகைச் சீர்செய்வது வீண்வேலையா?

இருபது வயதைத் தாண்டிய ஃபைபர் படகு ஒன்று சும்மா கிடைத்திருக்கிறது, அடிப்பக்கமெல்லாம் கொப்புளம், புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் போதுமா, அல்லது தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். "விறகுக்குக்கூட ஆகாது" என்று இதற்குள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

கொப்புளத்தைக் கண்டு பயப்படாதீர்கள். ஜெல்கோட் என்ற மேல்பூச்சின் வழியே நீர் மெல்ல ஊடுருவி, உள்ளே கரையக்கூடியதைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் நீரை இழுப்பதால் வருவது அது. ஒன்றைக் குத்திப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. வினிகர் வாடையோடு பிசுபிசுப்பான நீர் பீய்ச்சும். எல்லாவற்றையும் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸி என்ற, இரண்டு பாகங்களைக் கலந்ததும் கெட்டியாகும் ரெசின் பசையால் அடைக்கலாம். ஈரத்தின் மேல் பூசினால் மறுபடி எழும்பும்.

படகைக் கொல்வது உள்ளே ஊறிய மரம். என் படகின் பின்பலகை, அதாவது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ப்ளைவுட் வைத்த பின்பக்கச் சுவர், வெளியே பார்க்கப் புதுசுபோல் பளபளத்தது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். பக்கங்களில் கணீரென்றது, மோட்டார் மாட்டும் இடத்தில் பொத்தென்றது. உட்பக்கமாகச் சிறு துளை போட்டதும் டிரில் முனையில் காய்ந்த மரத்தூளுக்குப் பதில் கறுத்த களி ஒட்டி வந்தது. முன்பு வைத்திருந்தவர் ஆணித்துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார். உள்தோலை வெட்டி எடுத்து, மக்கிய ப்ளைவுட்டை உளியால் சுரண்டி, வெளித்தோலை மட்டும் நிறுத்தி வைத்தேன். புதிய பலகையின் ஓரங்களையும் ஒவ்வொரு துளையையும் ரெசின் குடிக்க வைத்த பிறகே உள்ளே இறக்கினேன்.

ஒட்டுப்போடும் இடத்தில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப்போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. 6 மில்லிமீட்டர் தோல் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்கு மேல். தேய்க்கும் முன்பே அசிட்டோனால் துடையுங்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கும் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தூசி நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும்.

"பாலியெஸ்டர் படகுக்குப் பாலியெஸ்டர்தான்" என்று உடனே ஒருவர் கருத்து எழுதுவார். படகை முதலில் வார்த்ததே பாலியெஸ்டர் ரெசினில்தான், அவர் பக்கமும் நியாயம் உண்டு. எபாக்ஸியின் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, விலையும் கூடுதல். ஆனால் நான் பெயின்ட் அடித்தேன். பழைய, முற்றிய தோலில் எபாக்ஸியின் பிடிப்பே உறுதி. அதற்குச் சாதாரண மேட், அதாவது துண்டு இழைகளைப் பசையால் சேர்த்த கண்ணாடியிழை விரிப்பு, வாங்காதீர்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். நெய்த துணியே சரி.

விறகுக்கு ஆகாது என்றவர் என் மைத்துனர். படகு தண்ணீரில் இறங்கிய அன்று முதலில் ஏறி உட்கார்ந்தவரும் அவரே. "எங்கள் படகு" என்று படமும் போட்டுவிட்டார்.

எல்லாப் படகையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்களும் ஊறியிருந்து, மழை படாத இடமும் உங்களிடம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முதலில் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் போடுங்கள். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் மாட்டப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், பின்பலகையின் தடிமன் அதைப் பொறுத்தது.