தூண்டில் கேள்வி பதில்: மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரம்

கேள்வி: அண்ணே, பிளஸ் ஆற்றில் லம்பாம் மீனுக்கு என்ன இரை?

பதில்: பழுத்த செம்பனை (எண்ணெய்ப் பனை) பழம். வீட்டோரம் நாலு மரம் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கினாலும் திருட்டுதான். கொக்கி சிறிதாக இருக்கட்டும். கிழக்கே மலை கறுத்தால் உடனே கரையேறுங்கள். இங்கே வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை கெப்பாலா ஆயிராக, அதாவது திடீர் வெள்ளமாக, வந்து இறங்கிவிடும்.

கேள்வி: ஹாருவானும் நம் ஊர் விராலும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். தோமானும் விரால் குடும்பம்தான், ஆனால் வேறு மீன். ஒரு மீட்டரையும் தாண்டி வளரும், பல்லும் மோசம்.

கேள்வி: செண்டெரோ ஏரியில் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தன. நடுவில் ரப்பர் தவளையைப் போட்டேன். ஒரே அடி! நாலு கிலோ தோமான். படம் அனுப்பவா?

பதில்: வேண்டாம் தம்பி. அது பசியில் அடிக்கவில்லை. தோமான் குஞ்சுகள் காற்றை விழுங்க அடிக்கடி மேலே வரும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். குஞ்சுகளுக்குள் விழுந்த எதையும் எதிரி என்று நினைத்துத் தாக்கும். இதில் திறமை எங்கே இருக்கிறது? காவல் போனால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். குஞ்சு இல்லாத இடமாகப் பாருங்கள்: காலையில், விழுந்த மரத்தோரம், கொக்கிக்கு முன்னால் பல்லுக்கு அறாத கம்பித் துண்டு (லீடர்) கட்டி வீசுங்கள். கிடைக்கவில்லையா, வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: தோமானே மற்ற மீன்களை எல்லாம் தின்கிறதே? கொன்றால் ஏரிக்கு நல்லதுதானே?

பதில்: 1930இல் அணை கட்டி ஏரி ஆகும் முன்பே பேராக் ஆற்றில் இருந்த மீன் அது. தின்னட்டும். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட பீக்காக் பாஸும் அங்கே இருக்கிறது. கோபத்தை அதன்மேல் காட்டுங்கள், திருப்பி விடாதீர்கள். பொரித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் மாமா முப்பது வருடமாகக் குஞ்சுக் கூட்டத்தில்தான் போடுகிறார். இன்னும் தோமான் இருக்கிறதே!

பதில்: அவர் தொடங்கியபோது எத்தனை கூட்டம் கண்டார், இப்போது எத்தனை காண்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். நானும் இளவயதில் போட்டவன்தான். ஜோடியில் ஒன்றைத் தூக்கினேன். மற்றது படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்றோடு விட்டேன்.

கேள்வி: பேட்டரி வைத்து ஷாக் அடித்தால்?

பதில்: 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். தண்ணீரில் நிற்பது நீங்களும்தான்.

கேள்வி: கெலி மீன் முள் குத்திவிட்டது, கடுக்கிறது.

பதில்: பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள். வீங்கினால் கிளினிக்.

கேள்வி: செம்பனைக் கால்வாய் மீனைச் சாப்பிடலாமா?

பதில்: மருந்து தெளிக்கும் இடத்தில் வேண்டாம்.

கேள்வி: லம்பாமுக்கு என்ன இரை?

பதில்: முதல் பதில்.

கேள்வி: லம்பாமுக்கு ரொட்டி ஆகுமா?

பதில்: ஆகும். மலையைப் பார்த்துக்கொண்டே போடுங்கள்.

கேள்வி: மாமாவிடம் கேட்டேன். அப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கூட்டமாம். போன மாதம் ஒன்று.

பதில்: அந்த ஒன்றில் போட்டாரா?