பச்சை டிக்கை நம்பாதீர்கள்: ஆட்டோமேஷன் பராமரிப்பு கேள்வி-பதில்

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு மறுபடியும் ஒரு வேண்டுகோள். எந்தக் கருவி, ஒரு நாளைக்கு எத்தனை பதிவு, பிழைச் செய்தியின் முழு வாசகம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: ஒரே ஆர்டருக்குச் சில சமயம் இரண்டு இன்வாய்ஸ் போய்விடுகிறது. எப்போதாவதுதான் நடக்கிறது. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை. வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் ஒரு சேவை உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) அனுப்பும் சேவைகள் பெரும்பாலும் "குறைந்தது ஒரு முறை" வந்து சேரும் என்றுதான் உறுதி தருகின்றன. ஒரே ஒரு முறைதான் வரும் என்று சொல்வதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து சில நொடிகளுக்குள் 200 ("கிடைத்தது" என்ற குறியீடு) என்ற பதில் போகாவிட்டால், செய்தி சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். இன்வாய்ஸ் தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி, மெயிலும் அனுப்பி முடித்த பிறகு 200 அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். மெயில் சர்வர் மந்தமாக இருக்கும் நாளில் இரட்டை இன்வாய்ஸ் போகும்.

செய்தி வந்ததும் அப்படியே ஒரு டேபிளில் போட்டுவிட்டு உடனே 200 அனுப்புங்கள். வேலையைப் பிறகு தனியாகச் செய்யுங்கள். அந்த டேபிளில், செய்தியோடு வரும் நிகழ்வு எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரு முறை ஏறக் கூடாது என்ற விதி) வையுங்கள். இரண்டாம் முறை வருவதை டேட்டாபேஸே தள்ளிவிடும். தள்ளினாலும் பதில் 200தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் முறையும் வரும். "இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் சேர்" என்று இரண்டு படியாகச் செய்யாதீர்கள். இரண்டு செய்தியும் அரை நொடிக்குள் வந்தால் இரண்டுக்கும் "இல்லை" என்றே விடை கிடைக்கும்.

கேள்வி: கூகுள் ஷீட் இணைப்பு வாரத்துக்கு ஒரு முறை அறுந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் கையால் லாகின் செய்கிறோம்.

உங்கள் ஆப் கூகுள் கன்சோலில் இன்னும் 'டெஸ்டிங்' நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் ரிஃப்ரெஷ் டோக்கனின் (மறுபடி லாகின் கேட்காமல் இணைப்பை வைத்திருக்கும் அனுமதிச் சாவி) ஆயுள் 7 நாள்தான். 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றிவிட்டு இன்னொரு முறை லாகின் செய்து புது டோக்கன் வாங்குங்கள்.

கேள்வி: மாதத்தின் முதல் திங்கள் காலை 9 மணிக்கு ஓட வேண்டும் என்று க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சர்வர் வசதி) "0 9 1-7 * 1" (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) கொடுத்தேன். மாதத்தில் பத்து நாள் ஓடுகிறது.

தேதி, கிழமை இரண்டையும் கொடுத்தால் க்ரான் அதை "இதுவோ அதுவோ" என்றுதான் படிக்கும். 1 முதல் 7 வரை எல்லா நாளும், அதோடு எல்லாத் திங்களும் ஓடும். க்ரானில் 1-7 மட்டும் வையுங்கள். இன்று திங்களா என்ற சோதனையை ஸ்கிரிப்டின் முதல் வரியில் போடுங்கள். 9 மணி என்பது எந்த நேர மண்டலத்து 9 மணி என்றும் பாருங்கள். பல சர்வர்கள் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) ஓடுகின்றன.

கேள்வி: முன்பு வாரத்துக்கு நாலைந்து முறை ஃப்ளோ (படிப்படியாகத் தானே ஓடும் வேலை) நின்றுவிடும். எல்லாப் படிகளிலும் "பிழை வந்தாலும் தொடர்" என்பதை ஆன் செய்தோம். மூன்று மாதமாக டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. இதை இன்னும் எப்படி மேம்படுத்தலாம்?

இன்றே அதை ஆஃப் செய்யுங்கள். மற்ற மேம்பாடெல்லாம் அதற்குப் பிறகு.

வாராவாரம் வந்த அந்த நாலைந்து பிழைகளும் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளரைத் தேடும் படி தோற்றால் வெற்று மதிப்பு அடுத்த படிக்குப் போகும். அடுத்த படி, வாடிக்கையாளர் பெயரே இல்லாமல் ஆர்டரைப் பதிவு செய்யும். அதற்கடுத்த படி அதைக் கணக்கில் ஏற்றும். ஃப்ளோ கடைசி வரை ஓடி முடித்ததால் பச்சை டிக் விழும். நின்றுபோன ஃப்ளோவை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். தவறான தரவோடு ஓடி முடித்த ஃப்ளோவைச் சரிசெய்ய, மூன்று மாதக் கணக்கையும் தோண்ட வேண்டும்.

அதனால் முதலில் தோண்டுங்கள். மூன்று மாதத்துக்கும் நாள் வாரியாக, மூலத்தில் எத்தனை ஆர்டர், சேருமிடத்தில் எத்தனை ஆர்டர் என்று இரண்டு பத்திகளில் எடுங்கள். வித்தியாசம் வரும் நாட்களைக் குறியுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகும் நாட்களிலும் கட்டாயப் பத்திகள் வெறுமையாக இருக்கும் வரிசைகளைத் தேடுங்கள். தரவின் பிரதி ஒன்றை எடுத்து வைக்காமல் எதையும் திருத்தாதீர்கள்.

பிறகு பிழைகளை வகை பிரியுங்கள். டைம்அவுட் (நேரத்துக்குள் பதில் வராதது), சர்வர் பதிலாகத் தரும் 429, 502, 503 போன்ற பிழை எண்கள் தற்காலிகமானவை. இவற்றை மட்டும் ரீட்ரை (மறுபடி முயற்சி) செய்யலாம். 2, 4, 8, 16, 32 நொடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி ஐந்து முறை போதும். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு நொடி தற்செயலாகக் கூட்டிக் குறையுங்கள், இல்லாவிட்டால் தோற்ற ஃப்ளோக்கள் எல்லாம் ஒரே நொடியில் போய் மறுபடி முட்டும். பதிலோடு ரீட்ரை-ஆஃப்டர் (எவ்வளவு நேரம் கழித்து முயல வேண்டும் என்ற குறிப்பு) வந்தால் அது சொல்லும் நேரம்தான் கணக்கு. ஒரு எச்சரிக்கை: எழுதும் படியில் டைம்அவுட் வந்தால் அந்தப் பக்கம் எழுதி முடித்திருக்கவும் கூடும். யூனிக் சாவி (ஒவ்வொரு பதிவுக்கும் தனியான அடையாள எண்) இல்லாமல் ரீட்ரை செய்தால் முதல் கேள்விக்காரரின் நிலைதான்.

400, 422 என்று வந்தால் அந்த ஒரு பதிவில் தரவு தவறு. ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். அந்தப் பதிவை மட்டும் மூலச் செய்தி, பிழை வாசகம், நேரம் ஆகியவற்றோடு தனி டேபிளுக்கு ஒதுக்கிவிட்டு மற்றவை போகட்டும். தினமும் காலையில் ஒருவர் அந்த டேபிளைப் பார்க்க வேண்டும். 401, 403 வந்தால் உரிமையே போய்விட்டது. முழு ஃப்ளோவையும் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்.

கடைசிப் படியாக ஓர் எண்ணிக்கைச் சோதனை. மூலத்தில் 412, சேர்ந்தது 409, ஒதுக்கியது 3. கூட்டல் பொருந்தினால்தான் பச்சை. வழக்கமாக 400 வரும் நாளில் 0 வந்தால் அதுவும் தோல்விதான். காலி ஃபைலைப் படித்து எந்தப் பிழையும் இல்லாமல் முடிக்கும் ஃப்ளோக்கள் நிறைய. 2020-இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான சுமார் 16,000 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லாததே காரணம் என்று அப்போது செய்தி வந்தது. போனது எத்தனை, சேர்ந்தது எத்தனை என்று எண்ணும் ஒரு படி இந்த வகை இழப்பை முதல் நாளே காட்டிக்கொடுக்கும். எண்ணிப் பார்க்கும் படி உங்கள் ஃப்ளோவில் இருக்கிறதா?

கேள்வி: தினமும் 60, 70 அலர்ட் மெயில் வருகிறது. யாரும் திறப்பதில்லை. வேறு செயலிக்கு மாறலாமா?

செயலியை மாற்றினால் அங்கேயும் 70 வரும். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று, 8 சர்வர்களில் 7-இல் மட்டும் புது நிரல் ஏறியிருந்தது. சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய சிஸ்டம் பிழையைக் குறிப்பிட்டு 97 மெயில் அனுப்பியது. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, அதனால் யாரும் அவற்றை வைத்து நடவடிக்கை எடுக்கவில்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில், விடுபட்ட அந்த ஒரு சர்வரால் வந்த நஷ்டம் 40 கோடி டாலருக்கு மேல்.

யாராவது இப்போதே எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றால்தான் அது அலர்ட். மற்றதெல்லாம் காலையில் வரும் ஒரே தொகுப்பு மெயிலில் போகட்டும். அலர்ட்டில் எந்த ஃப்ளோ, எந்தப் பதிவு, முதலில் என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு என்ற நான்கும் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்தாறுக்கு மேல் வந்தால் அளவுகோலைத் திருத்துங்கள்.

சர்வரே படுத்துவிட்டால் அலர்ட்டும் வராது என்பதையும் மறக்காதீர்கள். ஃப்ளோ ஒவ்வொரு முறை முடிந்ததும் வேறொரு இடத்துக்கு "முடிந்தது" என்று ஒரு சிக்னல் அனுப்பட்டும். குறித்த நேரத்தில் சிக்னல் வராவிட்டால் அந்த இடம் உங்களைக் கூப்பிடட்டும். அது அதே சர்வரில் இருந்தால் பயனில்லை.

கேள்வி: எங்கள் ஆட்டோமேஷன் மெதுவாகிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

எந்தப் படி மெதுவானது? எத்தனை வரிசை? லாகில் ஒவ்வொரு படியின் தொடக்க நேரமும் முடிவு நேரமும் இருக்கும். எழுதும் முன் அதைப் பார்த்திருக்கலாம்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு இரவும் முழு டேபிளையும் இழுக்கிறீர்கள். முதல் வருடம் 5 நிமிடம், மூன்றாம் வருடம் 2 மணி நேரம். "கடைசியாக மாறிய நேரம்" என்ற பத்தியை வைத்து, மாறியதை மட்டும் இழுங்கள். போன ஓட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து பத்து நிமிடம் பின்னால் போய்த் தொடங்குங்கள். இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்திருக்காது; பின்னால் போகாவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் படித்த பதிவுகளும் விட்டுப்போகும். திரும்ப வருபவை சாவியை வைத்துப் பழைய வரிசையிலேயே எழுதப்பட வேண்டும். "கடைசியாக மாறிய நேரம்" பத்திக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடுங்கள்.

இதில் இரண்டு குழி உண்டு. அழிக்கப்பட்ட பதிவுகள் இந்த முறையில் வரவே வராது. வாரம் ஒரு முறை இரு பக்கச் சாவிகளையும் முழுதாக ஒப்பிடுங்கள். ஏபிஐ-யில் (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வழி) "501-ஆவதிலிருந்து 100" என்று பக்கம் பக்கமாக இழுத்தால், நடுவில் ஒரு பதிவு அழிந்தாலும் எல்லாம் ஓரிடம் நகர்ந்து ஒன்று விட்டுப்போகும். கடைசியாக வந்த எண்ணுக்கு மேலே உள்ளவை என்று கேளுங்கள். மாற்றிய பிறகு முதல் ஒரு வாரம் தினமும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் கணக்கை முடக்கியதும் 11 ஃப்ளோ நின்றுவிட்டது.

கணக்கைத் திறந்து வேலையை ஓட்டுங்கள், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த 11-ஐயும் தனி சர்வீஸ் கணக்குக்கு (எந்த ஊழியர் பெயரிலும் இல்லாமல், ஃப்ளோக்களுக்கென்றே வைக்கும் கணக்கு) மாற்றி முடித்ததும் மறுபடி முடக்குங்கள். சர்வீஸ் கணக்குக்குத் தேவையான உரிமை மட்டும் போதும். அட்மின் உரிமை வேண்டாம்.

எல்லா ஃப்ளோவுக்கும் ஒரு ஷீட் வையுங்கள்: பெயர், பொறுப்பாளர், எந்தக் கணக்கில் ஓடுகிறது, எந்த டோக்கன், சீக்ரெட், சான்றிதழ் என்றைக்குக் காலாவதி. மைக்ரோசாஃப்ட் என்ட்ரா (கணக்குகளையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் சேவை) போர்ட்டலில் கிளையன்ட் சீக்ரெட்டுக்கு (ஆப்பின் கடவுச்சொல்) ஆயுள் அதிகபட்சம் 24 மாதம். பொது டிஎல்எஸ் சான்றிதழ்களின் (இணையதள இணைப்பைப் பாதுகாப்பவை) ஆயுளும் சுருங்குகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. கையால் புதுப்பிப்பவர்கள் இப்போதே தானியங்கிப் புதுப்பிப்புக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: திரையில் கிளிக் செய்யும் பாட், நாங்கள் பார்க்கும்போது சரியாக ஓடுகிறது. இரவில் மட்டும் தோற்கிறது.

ரிமோட் டெஸ்க்டாப்பை மூடிவிட்டுப் போகிறீர்கள். திரை பூட்டிக்கொள்கிறது, அல்லது அளவு மாறிவிடுகிறது. படத்தையோ இடத்தையோ பார்த்துக் கிளிக் செய்யும் படிகளுக்கு எதுவும் கண்ணில் படுவதில்லை. பட்டனின் பெயரையோ ஐடி-யையோ பிடித்துக் கிளிக் செய்ய வையுங்கள். "5 நொடி காத்திரு" என்பதை எடுத்துவிட்டு, "பட்டன் தெரியும்வரை காத்திரு, 30 நொடிக்கு மேல் போனால் திரையைப் படம் எடுத்துவிட்டு நில்" என்று வையுங்கள். அந்த மென்பொருளில் ஃபைலாக ஏற்றுமதி செய்ய வழி இருந்தால் பாட்டே வேண்டாம்.

கேள்வி: யாரும் பயன்படுத்தாத பழைய ஃப்ளோக்கள் முப்பது இருக்கின்றன. அழித்துவிடலாமா?

முதலில் ஆஃப் மட்டும் செய்யுங்கள். மாதக் கடைசி, காலாண்டு, ஆண்டு முடிவில் மட்டும் ஓடுபவை இருக்கும். அந்தச் சுற்று ஒன்று முடியும்வரை காத்திருந்து, ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அழியுங்கள். அவற்றின் டோக்கன், வெப்ஹுக், க்ரான் வரி எல்லாமே சேர்ந்து போக வேண்டும். மேலே சொன்ன நைட் கேப்பிட்டலில் எட்டாவது சர்வரில் உயிர்பெற்றது, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருந்த நிரல்தான். அதை இயக்கும் பழைய கொடியையே (ஆன்/ஆஃப் குறி) புது நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தார்கள்.

கேள்வி: டெஸ்ட் செய்தபோது 1,200 வாடிக்கையாளர்களுக்கு மெயில் போய்விட்டது. எப்படித் தடுப்பது?

டெஸ்ட் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டிலேயே எல்லா மெயில் முகவரியையும் ஒரே அலுவலக முகவரியாக மாற்றிவிடுங்கள். டெஸ்ட் சூழலின் மெயில் சர்வர் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுப்பும்படி பூட்டுங்கள். இரண்டையும் செய்யுங்கள், ஒன்று போதும் என்று விடாதீர்கள்.

கேள்வி: சிஎஸ்வி-யில் (காற்புள்ளியால் பிரித்த தரவு ஃபைல்) பொருள் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகின்றன. நீளமான எண்களின் கடைசி இலக்கமும் 0 ஆகிறது.

யாரோ அந்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்து, சேமித்திருக்கிறார்கள். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும், 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் இம்போர்ட் வழியாகப் போய் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துத் திறக்கச் சொல்லுங்கள். போன இலக்கங்கள் அந்த ஃபைலிலிருந்து திரும்ப வராது; மூலத்திலிருந்து புதிதாக எடுங்கள்.