கைபேசியில் கேட்ட பல் வைத்தியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2020 ஆம் ஆண்டில் என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கொவிட் காலத்தில் எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில், சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையில் உட்கார்ந்து, மழைக்குப் பயந்து கைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டுதான் விரிவுரை கேட்டாள். இப்போது அவள் வைத்தியர். ஆனால் “போனில் படித்தவளிடம் பல்லைக் காட்டலாமா?” என்று உறவினர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?
– தோட்டத் தொழிலாளி ஒருவர், மஸ்கெலியா

பதில்: ஐயா, அந்தப் பாறையில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். தாடையெலும்பின் அமைப்பு, கிருமிகளின் இயல்பு, மருந்துகளின் அளவு ஆகியவற்றைத் திரையில் படிக்க முடியும். பதிவுசெய்த விரிவுரை என்றால், விளங்காத இடத்தை மறுபடியும் கேட்கவும் முடியும். கைவேலை அப்படியல்ல. சொத்தைப் பல்லைச் சிறு கரண்டியால் சுரண்டும்போது, அழுகிய பகுதி நனைந்த தோலைப்போல உரிந்து வரும். நல்ல பகுதியைத் தொட்டதும் கரண்டியின் முனை கரகரவென்று உராயும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணைவிட விரலே முதலில் அறிகிறது. நோயாளி திடுக்கிட்டுத் தலையை அசைத்தாலும் கருவி வழுக்காதபடி மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்ளும் பழக்கமும், ஆசிரியர் அருகில் நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பலமுறை திருத்திய பிறகுதான் படியும்.

இதனால்தான் அக்காலத்தில் செய்முறைப் பயிற்சி தள்ளிப்போனது. பட்டம் பெறவும் காலம் நீண்டது. காத்திருந்த மாதங்கள் பெற்றோருக்கு எவ்வளவு கடினமாக இருந்தன என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தத் தாமதம் உங்கள் மகளின் குறையல்ல. கைப்பயிற்சியைத் திரையால் ஈடுசெய்ய முடியாது என்பதற்காக ஏற்கப்பட்டது. அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவர் என்பதை உறவினர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: மற்றச் சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்தபோது பல் சிகிச்சையையும் அதன் பயிற்சியையும் மட்டும் ஏன் அவ்வளவு குறைத்தார்கள்?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு 3 இலட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடியது. பல் சூடாகாமலிருக்க அதன் முனையில் நீர் தெளிக்கப்படுவதால், அந்த நீர் எச்சிலோடும் இரத்தத்தோடும் கலந்து கண்ணுக்குத் தெரியாத சாரலாகக் காற்றில் பரவும். நோயாளியால் முகக்கவசம் அணிய இயலாது. வைத்தியரின் முகமோ ஒரு முழத்துக்குள் இருக்கும். போதனா வைத்தியசாலையில் ஒரே மண்டபத்தில் வரிசையாகப் பல நாற்காலிகள் இருப்பதால், ஒரு நோயாளியின் வாயிலிருந்து எழும் சாரல் அடுத்தவரையும் எட்டலாம். ஆகவே நாற்காலிகளை இடைவெளிவிட்டுப் பயன்படுத்துவது, பல்லைச் சுற்றி இறப்பர்த் திரை கட்டுவது, வேகமாக உறிஞ்சும் குழாயை வாயருகே பிடிப்பது, முடிந்த இடங்களில் சுழல்கருவியை விட்டுக் கைக்கருவியால் சுரண்டுவது போன்ற முறைகள் உலகெங்கும் கைக்கொள்ளப்பட்டன. பாதுகாப்புக் கூடிய அளவுக்கு ஒரு மாணவர் பார்க்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது.

இதில் என் மனத்தை மிகவும் வருத்தியது ஒன்று உண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் சேர்த்து மெல்லும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணையோ வெள்ளைத் திட்டையோ வைத்துக்கொண்டு, பஸ் ஓடவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர். அத்தகைய வாயைத் தொட்டுப் பார்த்துக் கற்க வேண்டிய மாணவர்களும் அந்த மாதங்களில் வீட்டிலேயே இருந்தார்கள். உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தாத்தா, பாட்டிகளில் எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் இருந்தால், தயவுசெய்து உடனே வைத்தியசாலைக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: நோயாளிக்குப் பதிலாக, செயற்கைப் பற்கள் பொருத்திய மாதிரித் தலையிலேயே முழுப் பயிற்சியையும் முடித்துவிட முடியாதா?
– உயர்தர மாணவன், பண்டாரவளை

பதில்: முடியாது, தம்பி. முதன்முதலில் கருவியைப் பிடித்துப் பழக மாதிரித் தலை மிகவும் அவசியம். ஆயினும் அதற்கு எச்சில் ஊறாது, நாக்கு குறுக்கே வராது, பயமும் இராது. நாற்காலியில் முதல் தடவையாக உட்காரும் ஒரு பாட்டியிடம், “வலிச்சா கையத் தூக்குங்க ஆயா” என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவருடைய கையையும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்; அந்தக் கை சற்று அசைந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். அதை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.