ஊற்றுநீரில் பூச்சிகள் மாறுவது ஏன்?

கேள்வி: சமவெளி ஊற்றுகளில் நீர் தெளிவாகவே இருந்தும், அதில் வாழும் பூச்சியினங்கள் காலப்போக்கில் மாறிவிடுகின்றனவாமே, ஏன்?

பதில்: ஊற்றுநீரின் வெப்பநிலை அவ்விடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டி, பெரும்பாலும் ஏற்ற இறக்கமின்றி இருப்பதால், புழுப்பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சிகளான, குளிர்நீரை விட்டால் பிழைக்க இயலாத கல் ஈக்களும் கேடிஸ் ஈக்களில் சிலவும் அங்கே தங்கி வாழ்கின்றன. காற்று வெப்பமாகும்போது நிலத்தடி நீரும் மெல்லச் சூடேறுகிறது. 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 20 டிகிரியிலோ 9 தான்; ஆகவே நீர் சூடேறச் சூடேற, குளிர்நீர்ப் பூச்சிகளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. இதைவிடக் கொடியது, என் கணிப்பில், நிலத்தடி நீரை அளவின்றி இறைப்பதே. மணல் துகள்களைப் பட்டிழையால் ஒட்டிக் குழல்போல் கூடு கட்டி, அதைச் சுமந்தபடியே ஊர்ந்து திரியும் கேடிஸ் ஈயின் புழு, ஊற்று ஒரு கோடை வற்றினாலும் தப்புவது அரிது. எங்கும் பிழைக்கவல்ல இனங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. ஒன்று போய் ஒன்று வருவதால், இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இம்மாற்றம் தென்படாமலும் போகலாம்.