மாத்திரை எடுக்காத நாளின் மந்தம்

கேள்வி: எனக்கு வயது 36. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாட்டுக்காக ஓராண்டாக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுத்துவருகிறேன். வேலை நாள்களில் தெளிவாக இருக்கிறேன். மாத்திரையைத் தவிர்க்கும் விடுமுறை நாள்களிலோ, முன்பைவிட மந்தமாகி, ஒரே பத்தியை மூன்று முறை படிக்கிறேன். மருந்து என் மூளையைக் கெடுத்துவிட்டதா, டாக்டர்?

பதில்: கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை, மருந்துக்கு ஏற்ப மூளை சற்றுத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கக்கூடும். நரம்பணு வெளியிட்ட டோபமின் என்ற வேதித் தூதுப்பொருளைச் சிறிது நேரத்திலேயே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்கள் அதன் மேற்பரப்பில் உள்ளன. மெத்தில்ஃபெனிடேட் இந்த வாசல்களை அடைக்கிறது. வழக்கமான அளவு மாத்திரையே மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட கடத்திகளை அடைத்துவிடுவதை பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. டோபமினும், இதே வகையில் நார்எபிநெஃப்ரின் என்ற மற்றொரு தூதுப்பொருளும், கூடுதல் நேரம் தங்கிச் செயல்படுகின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்கு இவை அளவோடு வேண்டும். குறைந்தாலும் மிகுந்தாலும் கவனம் சிதறும். மருத்துவர்கள் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் ஐயத்துக்கு மிக நெருங்கிய ஆய்வு 2013இல் வெளியானது. அதுவரை இம்மருந்துகளை எடுத்திராத 18 பெரியவர்களுக்கு 12 மாதங்கள் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தபோது, ஸ்ட்ரையேட்டத்தில் கடத்திகளின் அளவு 24 சதவீதம் கூடியிருந்தது. அடைத்த வாசல்களுக்கு ஈடாக மூளை புதிய வாசல்களைத் திறந்ததுபோல! மருந்தில்லாத நாளில் அத்தனை வாசல்களும் திறந்திருப்பதால் டோபமின் விரைவில் வற்றி, அறிகுறிகள் மிகலாம் என அந்த ஆய்வாளர்களே கருதினர். ஆனால் 18 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதை வைத்து உங்கள் மூளைக்கு நான் தீர்ப்பு எழுத மாட்டேன்.

2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், 16 வாரம் மருந்தெடுத்து ஒரு வாரம் நிறுத்திய 23 முதல் 40 வயது ஆண்களின் மூளை இரத்த ஓட்டத்தில், அதே ஆய்வில் சிறுவர்களிடம் தென்பட்ட மாற்றம் காணப்படவில்லை.

எளிய காரணங்களும் உண்டு. மாத்திரை தூக்கத்தைக் குறைத்திருந்தால், அந்தக் கடன் விடுமுறையில்தான் வெளிப்படும். தெளிவான ஐந்து நாள்களுக்குப் பிறகு பழைய நிலையே புதிய குறையாகவும் தோன்றலாம். ஆகவே நான்கு வாரங்களுக்கு, மாத்திரை எடுத்த நேரம், தூங்கிய மணி, மந்தம் தொடங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அந்தத் தாளுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். விடுமுறை இடைவெளி உங்களுக்குத் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அன்றே இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.